பிள்ளைகளோடு மரவேலை: எந்த ஸ்க்ரோல் சா வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரவேலை செய்வது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. அட்டையில் யானை, மயில் என்று வெட்டித் தள்ளுகிறார்கள். அடுத்து பிளைவுட்டில் புதிர்ப் பலகை செய்யலாம் என்று, வளைவு வெட்டும் மின்ரம்பமான ஸ்க்ரோல் சா கேட்டால், கடையில் கையில் பிடிக்கிற ஜிக் சாவை எடுத்து வைத்து "ரெண்டும் ஒண்ணுதான்மா" என்கிறார்கள். அப்படியா? எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, பாலக்கோடு

ஒன்றல்ல. ஜிக் சாவில் பலகை அசையாமல் இருக்கும், மெஷின் நகரும். ஸ்க்ரோல் சாவில் மெஷின் மேசையோடு கிடக்கும், பலகையைத்தான் நகர்த்துவோம். ஜிக் சா பிளேடு மேல்முனையில் மட்டும் மாட்டப்பட்டிருக்கும். கீழ்முனை பலகைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பலகையை அடியில் தாங்கிப் பிடிக்கும் பிள்ளையின் கைக்கு அதுதான் ஆபத்து. போதாததற்கு மெஷினே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். ஸ்க்ரோல் சா பிளேடு 5 இஞ்ச் நீளம், ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். இரண்டு முனையும் கட்டி, வீணைத் தந்தி போல இழுத்து நிறுத்தியிருக்கும். அதனால்தான் மயிலின் கொண்டையில்கூட நின்ற இடத்திலேயே திரும்பும். கடைக்காரர் என்ன சொன்னாலும் ஜிக் சாவை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 90 முதல் 125 வாட்டுக்குள் இருக்கும், பிள்ளைகளின் வேலைக்கு அது தாராளம். முதலில் பிளேடு மாட்டும் இடத்தைப் பாருங்கள். பிளேடில் இரண்டு வகை. முனையில் குறுக்காகச் சின்ன ஊசி வைத்தது ஒன்று, ஊசி இல்லாத வெறும் முனை மற்றொன்று. ஊசி வைத்ததை மாட்டுவது சுலபம். ஆனால் யானையின் காதுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஓட்டையை வெட்ட வேண்டுமென்றால், அந்த ஊசி நுழைய 5, 6 மி.மீ. துளை போட வேண்டும். வெறும் முனைக்கு ஒன்றரை மி.மீ. துளை போதும். தவிர, மெல்லிய பிளேடுகள் எல்லாமே வெறும் முனையில்தான் வருகின்றன. ஊசி பிளேடு மட்டுமே ஏற்கும் மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டையும் ஏற்பதாக இருந்தால், வெறும் முனைக்கான கிளாம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் பல நேரம் தனியாகக் கிடைக்காது. அதைத் திருகும் குமிழ் கையால் திருகுவதா, ஆலன் கீ என்ற அறுகோணச் சாவி கேட்பதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே ஓட்டை வெட்டும் ஒவ்வொரு முறையும் பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். 8 ஓட்டை உள்ள பொம்மைக்கு 8 முறை. ஆலன் கீ தேடியே பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும்.

இரண்டாவது வேகம். நிமிடத்துக்கு 400, 500 வெட்டில் தொடங்கி 1,600 வரை ஏற்றி இறக்கும் குமிழ் இருக்க வேண்டும். ஒரே வேகத்தில் 1,400 என ஓடும் மெஷினும் விற்கிறது. கை தேர்ந்தவருக்கு அது ஒரு குறையில்லை, 9 வயதுப் பையனுக்கு அது பிடிக்க முடியாத ஓட்டம். மூன்றாவது அதிர்வு. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, மெஷின் மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வையுங்கள். நடு வேகத்தில் அது நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தால் வேறு மெஷின் கேளுங்கள். வார்ப்பிரும்பு அடித்தளம் கனம்தான், அந்தக் கனம்தான் நமக்கு வேண்டும். மடித்த தகட்டில் செய்த அடித்தளத்தை நன்றாக போல்ட் போட்டு முறுக்காவிட்டால் மெஷின் மேசையெல்லாம் நடந்து போகும்.

16 இஞ்ச் மெஷின் என்றால் பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள இடைவெளி. அதற்குள் பலகையைச் சுற்றித் திருப்ப முடிய வேண்டும். பிள்ளைகளின் பொம்மைக்கு 16 போதும். 20, 21 வாங்கினால் காசும் இடமும்தான் கூடும்.

மகளுக்கு இப்போது மெஷினே வேண்டாம். கையால் இழுக்கும் ஃப்ரெட் சா ஒன்று வாங்குங்கள். 18 மி.மீ. பிளைவுட் துண்டு, 15-க்கு 20 செ.மீ. அளவில் எடுத்து, ஒரு பக்கம் 5 செ.மீ. வாய், 7 செ.மீ. ஆழத்தில் வி வடிவமாக வெட்டி, வி-யின் நுனியில் 12 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். இதை மேசை விளிம்பிலிருந்து வெளியே நீட்டி, சி-கிளாம்பால் இறுக்கினால் வெட்டுப் பலகை தயார். பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழுக்கும்போதுதான் வெட்டும். பலகையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மேலும் கீழும் இழுப்பது அவள் வேலை. பையனுக்கும் முதல் ஒரு மாதம் இதையே கொடுக்கலாம். கோட்டைப் பார்த்து நிதானமாகத் திரும்பும் பழக்கம் கையில் ஏறிவிட்டால் மெஷினில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஃப்ரெட் சாவுக்கு வாங்கும் 5 இஞ்ச் வெறும் முனை பிளேடே பிறகு மெஷினுக்கும் ஆகும்.

16 இஞ்ச் மெஷின் வாங்கி 2 மாதம். ஒரு பிளேடு 10 நிமிடம்கூடத் தாங்கவில்லை, பட் பட்டென்று உடைகிறது. உடையாத நேரத்தில் கோட்டை விட்டு வலப்பக்கமாகவே ஒதுங்குகிறது. மெஷினில் கோளாறா?
— வாசகர், ஓசூர்

மெஷினைக் கழற்ற வேண்டாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பிளேடு பென்சில் முனை மாதிரி, தேய்வதற்கென்றே இருப்பது. தொடர்ந்து வெட்டினால் 15 முதல் 30 நிமிடம்தான் அதன் கூர். உடையாமல் இருப்பதாலேயே நல்ல பிளேடு என்று நினைத்து மழுங்கியதை வைத்தே அழுத்துகிறோம், அழுத்தினால் பிளேடு பின்பக்கம் வளைகிறது, வளைந்து வளைந்து உடைகிறது. உங்களுடையது பத்து நிமிடத்திலேயே உடைகிறது என்றால் இறுக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை விரலால் சுண்டுங்கள். "டிங்" என்று மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். "தொப்" என்றால் தளர்வு. நடுவில் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தளர்ந்த பிளேடு வளைவில் முறுக்கிக்கொண்டு உடையும். அதற்குப் பயந்து குமிழை முடிந்த மட்டும் முறுக்கினால், கிளாம்ப் கடிக்கும் இடத்திலேயே ஒடியும். உடைந்த துண்டுகளை எறியாமல் பாருங்கள். எல்லாம் நடுவில் உடைந்திருந்தால் கை அழுத்தம் அதிகம், அல்லது பிளேடு மழுங்கல். எல்லாம் முனையோரம் என்றால் இறுக்கம் அதிகம், அல்லது மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. உடையாமல் கிளாம்பிலிருந்து நழுவுகிறதென்றால், புதுப் பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்தான் காரணம். இரு முனைகளையும் தின்னரில் துடைத்து, உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டுங்கள்.

பல் கீழ்நோக்கி இருக்கிறதா? நகத்தைக் கீழிருந்து மேலே மெல்ல நகர்த்தினால் பிடிக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகையைத் தூக்கித் தூக்கி அடிக்கும், அந்த அடியிலேயே பிளேடு போகும். அடுத்தது பிளேடு எண், அதாவது அதன் அளவு. வெட்டும் பலகையின் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது 3 பல்லாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. 4 மி.மீ. பிளைவுட்டுக்கு 2-ஆம் எண், 10 முதல் 15 மி.மீ. வரை 5-ஆம் எண், 18 மி.மீ. பலகைக்கு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ.யை 2-ஆம் எண்ணில் வெட்டினால் பிளேடு பத்து நிமிடம்கூடத் தாங்காது. பிளைவுட்டின் அடிப்பக்கம் பிசிறு பிசிறாக வந்தால், கீழே சில பல் மட்டும் மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் வகை பிளேடு கேளுங்கள்.

எண் போட்ட பிளேடு உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தானே. நகைத் தொழில் சாமான் கடையில் விற்கும் பொடி ரம்பப் பிளேடும் நீளத்தில் இந்த மெஷினுக்குப் பொருந்தும். ஆனால் அது உலோகத்துக்கு ஆனது, பல் மிகப் பொடி. மெல்லிய பித்தளைத் தகட்டுக்கு நன்றாக இருக்கும், மரத்தில் தூள் அடைத்துக்கொண்டு பலகையைக் கருக்கும்.

வலப்பக்கம் ஒதுங்குவது கோளாறே இல்லை. அச்சில் வெட்டி எடுக்கும் பிளேடுகளில் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சிலும்பு நிற்கும், அந்தப் பக்கம் அதிகமாக வெட்டும். பலகையை இரண்டு மூன்று டிகிரி சாய்த்துத் தள்ளிப் பழகினால் கோட்டில் போகும். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

பிளேடை இரட்டை ஆயுளுக்கு ஓட்ட ஒரு வழி உண்டு. இந்த மெஷினில் பிளேடு மேலும் கீழும் போவது சுமார் 19 மி.மீ.தான். 4 மி.மீ. பலகை வெட்டும்போது 127 மி.மீ. பிளேடில் ஏறக்குறைய 23 மி.மீ. பகுதி மட்டுமே திரும்பத் திரும்பத் தேய்கிறது. மெஷின் மேசையின் அளவுக்கு 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை வெட்டி, பிளேடு நுழைய நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, மேசைமேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். பலகை மேலே ஏறிவிடும், அதுவரை வேலையே செய்யாத பற்கள் வெட்ட வரும். மெஷின் மேசையின் பெரிய துளை வழியாகச் சின்னத் துண்டுகள் கீழே விழுவதும் நிற்கும்.

புதிர்ப் பலகை வெட்டினால் துண்டுகள் மேல்பக்கமாக எடுத்தால் வருகின்றன, கீழ்ப்பக்கமாகத் தள்ளினால் சிக்கிக்கொள்கின்றன. மேசையின் கோணமானி 0-வில்தான் நிற்கிறது.
— வாசகர், காவேரிப்பட்டணம்

அந்தக் கோணமானியை நம்பாதீர்கள். பல மெஷின்களில் அது வெறும் அலங்காரம். 20 மி.மீ. கனமுள்ள கட்டையின் விளிம்பில் பிளேடை 2 மி.மீ. மட்டும் உள்ளே விட்டு மெஷினை நிறுத்துங்கள். கட்டையை அப்படியே பிளேடுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய், அதே வெட்டைப் பிளேடின் முதுகுக்கு நேராகக் காட்டுங்கள். மேலிருந்து கீழ்வரை முதுகு தானாக அந்தப் பள்ளத்தில் நுழைந்தால் மேசை மட்டம். மேலே நுழைந்து கீழே இடித்தால், அந்த வித்தியாசத்தில் பாதியை மேசையைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். மறுபடி வெட்டிப் பாருங்கள். மூன்று தடவைக்குள் சரியாகிவிடும். பிறகு கோணமானியின் முள்ளை 0-வில் வைத்து இறுக்கலாம்.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 18 மி.மீ. பலகையில் 1 டிகிரி சாய்ந்தால் மேலுக்கும் கீழுக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம். 5-ஆம் எண் பிளேடு போடும் வெட்டே சுமார் 0.4 மி.மீ.தான். துண்டு ஆப்பு மாதிரி ஆகிவிடும். 4 மி.மீ. பிளைவுட்டில் இதே 1 டிகிரி 0.07 மி.மீ.க்குள் அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. மட்டம் பார்த்த பிறகும் வளைவுகளில் மட்டும் சிக்கினால், திரும்பும் இடத்தில் பலகையைப் பக்கவாட்டில் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

பேரன் விடுமுறைக்கு வருகிறான், 10 வயது. மெஷினைத் தொட விடலாமா? மருமகள் பயப்படுகிறாள்.
— வாசகர், அரூர்

மருமகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மின்சார ரம்பங்களில் இதுதான் சாதுவானது, வட்ட ரம்பம் போலப் பலகையைத் திருப்பி எறியாது. ஆனாலும் விரலை வைத்தால் சதையை வெட்டும். 10 வயதில், பெரியவர் பக்கத்திலேயே நின்றால் விடலாம். "பக்கத்தில்" என்றால் கைக்கு எட்டும் தூரம். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்ப்பது கணக்கில் வராது.

காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்றை மெஷினுக்கு முன்னால் சேர்த்து, முதல் சில நாள் அது உங்கள் காலடியில் இருக்கட்டும். பையன் வெட்டுவான், ஓட்டமும் நிறுத்தமும் உங்களுடையது. வேகம் 500, 600. பிளேடுக்குப் பக்கத்தில் பலகையை அமுக்கிப் பிடிக்க மெஷினில் இருக்கும் கால், பலகையை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும். அதைத் தூக்கி விட்டால் பலகை குதித்து விரலைப் பிளேடோடு சேர்த்து அடிக்கும். அடி படுவது பெரும்பாலும் இப்படித்தான். விரல்கள் இரண்டு பக்கமும் பலகைமேல் தட்டையாக இருக்கட்டும், கட்டைவிரல் பிளேடுக்கு நேர் எதிரே வரவே கூடாது. உள்ளங்கை அளவுக்குச் சின்ன துண்டைத் தனியாக வெட்டாமல், பெரிய கழிவுப் பலகையில் இரட்டை டேப்பால் ஒட்டி வெட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடி கட்டாயம், பிள்ளை அளவுக்கானது. கையுறை கூடாது, நூல் மாட்டினால் விரலையும் இழுக்கும். மணிக்கட்டில் கட்டிய கயிறு, தொங்கும் துப்பட்டா, பின்னாத முடி எல்லாம் முதலில் ஒதுங்க வேண்டும். பிளேடு உடைந்தால் மேல் துண்டு கிளாம்பில் நின்றபடி குத்திக்கொண்டே இருக்கும். கையை எடுத்து, நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பலகையைத் தொட வேண்டும் என்பதை ஒரு முறை மெஷினை நிறுத்தி வைத்தே ஒத்திகை பாருங்கள். மெஷின் மேசை பையனின் முழங்கை உயரத்தில் இருக்கும்படி ஸ்டூல் போடுங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வெட்டினால் தூள் மிக நுண்மை, அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. திண்ணையில் வெட்டுவதும் என்-95 முகக்கவசமும் நல்லது. 20 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம், கை சோர்ந்தால் கவனமும் சோரும்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்து மெஷின் கொண்டுவரட்டுமா என்கிறான். இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது, இன்வெர்ட்டரில் ஓடுமா?
— வாசகர், ஊத்தங்கரை

தம்பியிடம் பிளேடு கொண்டுவரச் சொல்லுங்கள், மெஷின் வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிச் சூடாகும். எடையும் ஒரு பிரச்சினை. அங்கே பெயர்பெற்ற டிவால்ட் டி.டபிள்யூ. 788 மட்டும் சுமார் 25 கிலோ.

சைன் வேவ் இன்வெர்ட்டரில் 120 வாட் மெஷின் ஓடும். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடாகும். இதைவிட முக்கியமான ஒன்று: வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள். சாதாரண சுவிட்ச் உள்ள மெஷின், கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். அப்போது பிள்ளை பிளேடு கோத்துக்கொண்டிருக்கலாம். கரண்ட் போனால் தானே விழுந்து, மறுபடி அழுத்தினால்தான் ஓடும் நோ-வோல்ட் சுவிட்ச் உள்ளதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எர்த் உள்ள 3 பின் பாயிண்டும், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும்.

தோப்பில் பழைய மாமரம் இரண்டு வெட்டினோம். பொம்மைக்கு ஆகுமா?
— வாசகி, போச்சம்பள்ளி

ஆகும், பதப்படுத்தினால். மா மரத்தின் வெளிப்பக்க வெள்ளை மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும். வெட்டிய மரத்தைப் படுக்கப் போட்டு வைக்காமல் சீக்கிரம் மில்லுக்குக் கொண்டுபோய் 1 இஞ்ச் பலகையாக அறுத்துவிடுங்கள். இரண்டு முனைகளிலும் பழைய பெயிண்ட் பூசுங்கள், முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால்தான் வெடிக்கிறது. நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் குறுக்கே வைத்து அடுக்குங்கள். 1 இஞ்ச் பலகைக்கு ஏறக்குறைய ஒரு வருடம். அவசரம் என்றால் ஒரு சின்னத் துண்டை எடைபோட்டுக் குறித்து வாருங்கள், மூன்று நான்கு வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. பிறகு 10, 12 மி.மீ.க்கு இழைத்து, 5-ஆம் எண் பிளேடில் வெட்டலாம். காத்திருக்க முடியாதென்றால் மலைவேம்பு, சில்வர் ஓக் பலகை வாங்குங்கள், இரண்டும் பிள்ளைகள் கைக்கு மென்மையாக வெட்டுப்படும்.

கம்பெனியில் கழித்துப் போடும் பாலெட் பைன் கட்டை இலவசமாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
— வாசகர், சூளகிரி

கட்டையில் சுட்டுப் பதித்த முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, பிள்ளைகளுக்கு வேண்டாம். எண்ணெய்க் கறையோ ரசாயன நாற்றமோ இருந்தால் முத்திரை எதுவானாலும் விட்டுவிடுங்கள். ஆணி உள்ளே முறிந்து கிடக்கும், காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.

படத்தை மைதா பசையில் ஒட்டினால் பிளைவுட் வளைகிறது. செய்த பொம்மைகளைச் சந்தையில் விற்கலாமா?
— வாசகி, பென்னாகரம்

மைதா பசையின் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறுவதால் 4 மி.மீ. பலகை வளையும். பலகைமேல் மாஸ்கிங் டேப்பை வரிவரியாக ஒட்டி, அதன்மேல் படத்தைக் க்ளூ ஸ்டிக்கால் ஒட்டுங்கள். வெட்டி முடித்ததும் டேப்போடு உரிந்து வந்துவிடும். படத்தின்மேல் பார்சல் டேப் ஒரு வரி போட்டால் பலகை கருகுவதும் குறையும்.

விற்பது வேறு கதை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 தரத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு, அந்தப் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள். எப்படியானாலும் 3 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில் 32 மி.மீ. அகலக் குழாய்க்குள் விழும் அளவுக்குச் சின்ன துண்டு எதுவும் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகு குப்பையில் போடுங்கள்.